மலையேறாத கொசு

எங்கள் தோட்டத்தில் நோய் மொத்தம் ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் மலேரியா. மற்றவை எல்லாம் அதன் வகைகள். வயிறு வலித்தால் வயிற்று மலேரியா, தலை வலித்தால் தலைக்கேறிய மலேரியா, இடுப்பு வலித்தால் கள்ள மலேரியா. அதாவது வேலைக்குப் போகப் பிடிக்காதவனுக்கு வருவது. இப்படிப் பிரித்து வைத்தவர் எங்கள் டிரெசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டரும் அவரே, மருந்து கலக்குகிறவரும் அவரே, யாராவது செத்துப்போனால் காரணம் எழுதுகிறவரும் அவரே.

அவரைக் குறை சொல்ல முடியாது. கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில் தொழில் பழகியவர். அங்கே காய்ச்சலோடு வருகிறவனைப் பார்த்து மலேரியா என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பழக்கத்தைப் பெட்டி படுக்கையோடு சேர்த்துக் கட்டிக் கேமரன் மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். இங்கே தேயிலை. நடுப்பகலில் மூடுபனி இறங்கும்; துவைத்த துணி காய மறுக்கும். மலேரியாக் கொசு அவரைப்போல லாரி பிடித்து மேலே வரவில்லை. இது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் மாத்திரை மாறாது, ஏனென்றால் அவரிடம் இருந்தது அந்த மாத்திரைதான்: யுத்த காலத்துப் பட்டாளம் விட்டுப்போன மிச்சம், டின் டின்னாக, பளிச்சென்ற மஞ்சளில்.

நோயைக் கண்டுபிடிக்கும் முறை இது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும், உடம்பு சரியில்லை என்றவர்கள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். குளிருக்குப் பயந்து டிரெசர் கதவைத் திறப்பதில்லை. ஜன்னலையும் பாதிதான் திறப்பார்.

"நாக்க நீட்டு."

நீட்டினால் தெர்மாமீட்டரை வைப்பார். ஒரே தெர்மாமீட்டர். ஒரு நாக்கிலிருந்து அடுத்த நாக்குக்குப் போகும் வழியில் அது ஒரு கிளாஸ் மருந்துத் தண்ணீரில் முங்கி எழும். பிறகு கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு மலேரியா. நோயாளி மாட்டியிருந்த பட்டாளத்து சுவெட்டர், அதன் மேல் மழைக்குக் கட்டிய சாக்கு, கீழே இன்னொரு சுவெட்டர், இவற்றில் எதையும் அவர் கழற்றச் சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு உண்டு என்பது அவர் பரீட்சைக்குப் படித்த செய்தி. நேரில் சரிபார்த்ததில்லை.

நான் அப்போது ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் படித்திருந்ததால், தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரை சொல்வதைத் தமிழில் ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதில் சொல்லத்தக்கதை இங்கிலீஷில் துரைக்கும் மாற்றிக் கொடுப்பது என் வேலையில் பாதி. எது சொல்லத்தக்கது என்பதை என்னிடமே விட்டிருந்தார்கள்.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களிலிருந்து அரிசி போகிறது என்று சர்க்கார் நம்பியது. அதனால் லயங்களைச் சுற்றி முள்வேலி, ராத்திரி ஊரடங்கு, காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. பெண்கள் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மத்தியானத்துக்கு என்று ஒரு பிடி சோறு வெளியே போனாலும் அது புரட்சிக்குப் போகிற சோறு. மலையிலிருந்து கீழே தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் லாரிகள் சுடப்பட்ட பிறகு இன்னொரு உத்தரவு வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த லாலான் புல்லைத் தோட்டத்து ஆட்கள் வெட்ட வேண்டும், ஒளிந்திருந்து சுட இடம் இருக்கக் கூடாது. அந்தப் பாதையில் ரிங்லெட் ஊருக்குக் கீழே பல வளைவுகள் எங்கள் தோட்டத்தின் பங்கு. காலையில் போலீஸ் லாரியில் ஏற்றிப்போய், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விடுவார்கள். மேற்பார்வைக்குப் போலீஸ் துரை வருவார். தோட்டத்தைக் காக்கும் ஸ்பெஷல் போலீசுக்கு அதிகாரியாக வந்த வெள்ளைக்காரர். வெட்டிப் போட்ட புல் மெத்தென்று குவிந்து கிடக்கும். அதன் மேல் கால் நீட்டி உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டே எங்கள் ஆட்கள் புல் வெட்டும் வேகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்.

முதல் கூட்டத்தில் போனவர்களில் என் அண்ணன் ஒருவர். தேயிலைச் செடி கவாத்து வெட்டுகிறவர்; கத்தி பிடித்த கை. புல் வெட்டத் தொடங்கிச் சில நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. பல் கிட்டிக்கும் குளிர், மண்டையைப் பிளக்கும் தலைவலி, ரத்தம் கட்டியது போலச் சிவந்த கண். அண்ணி அவரைத் தாங்கிப் பிடித்து ஜன்னலுக்கு முன் நிறுத்தினார். டிரெசர் நாக்கைப் பார்த்தார்.

"மலேரியா லா. மாத்திர தர்றேன், மூணு வேள."

மாத்திரை முடிந்தது, காய்ச்சல் முடியவில்லை. அதிலிருந்து டிரெசர் கண்டுபிடித்தது, இது பிடிவாதமான மலேரியா என்பது. மறுபடியும் மாத்திரை, முன்னைவிட அதிகமாக. அண்ணன் மஞ்சளானார். முகம், உள்ளங்கை, வயிறு எல்லாம் பழுத்த வாழைப்பழ நிறம். அந்த மாத்திரை தின்றால் தோல் மஞ்சளாகும் என்று டின்னிலேயே அச்சடித்திருந்தது. டின்னைப் படிப்பது டிரெசர் வழக்கமில்லை.

"காமாலையும் சேந்துக்கிச்சி," என்றார்.

"ஏன் டிரெசரய்யா," என்றார் அண்ணி, "வர்றப்ப ஒரு சீக்கோட வந்தாரு. ஒங்ககிட்ட வந்து ரெண்டாச்சி. இன்னும் எத்தன பாக்கி வச்சிருக்கீங்க?"

"ஒம்புருஷனுக்கு வாய் இல்ல, எல்லாத்தையும் நீ வாங்கிக்கிட்ட," என்று ஜன்னலைச் சாத்தினார்.

இதுவரைக்கும் இது சாதாரண விஷயம். தோட்டத்தில் எல்லாருக்கும் நடப்பது. சிலர் மருந்தினாலும் சிலர் மருந்தை மீறியும் பிழைத்துக்கொள்வார்கள். இதில் அரசியல் புகுந்தது போலீஸ் துரையின் மூலமாக. தன் ஆட்களின் கால்புண்ணுக்குக் களிம்பு கேட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன், தேவைப்படவில்லை. டிரெசர் இங்கிலீஷ் பேசுவார். அந்தத் துரை அப்போதுதான் ஒரு சுற்றறிக்கை படித்திருந்தார். காட்டில் பிடிபடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மலேரியா இருக்கிறதாம்.

"இந்தத் தோட்டத்தில் மலேரியா உண்டா?" என்று கேட்டார்.

டிரெசருக்கு முகம் மலர்ந்தது. அவர் தொழிலைப் பற்றி அதுவரை யாரும் விசாரித்ததில்லை.

"பாதித் தோட்டத்துக்கு இருக்கிறது, சார்."

போலீஸ் துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொசு எப்போது கடிக்கும்?"

"ராத்திரியில், சார்."

"ராத்திரியில் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்?"

"வேலிக்குள், சார். ஊரடங்கு."

"வேலிக்குள் அந்தக் கொசு உண்டா?"

"இல்லை, சார்," என்றார் டிரெசர், பரீட்சையில் முதல் வரிசைப் பையன் போல. "இவ்வளவு உயரத்துக்கு அது ஏறாது. கீழே, காட்டோரத்தில்தான்."

எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். மலையில் மலேரியாக் கொசு இல்லை என்ற அறிவும், மலையில் எல்லாருக்கும் மலேரியா என்ற தீர்ப்பும் அவர் தலைக்குள் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தன. ஒன்றை ஒன்று பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. போலீஸ் துரைதான் அவற்றைச் சந்திக்க வைத்தார். மலேரியா வந்தவன் ராத்திரி கொசுவிடம் கடிபட்டவன். கொசு வேலிக்குள் இல்லை. எனவே அவன் ராத்திரி வேலிக்கு வெளியே இருந்தவன். வெளியே எதற்குப் போவான்? அரிசி கொடுக்க. அந்தக் கணக்குப்படி ராத்திரிதோறும் பாதித் தோட்டம் காட்டுக்குப் போய் வந்தது. காட்டு ஆட்களுக்குப் படுக்க இடம் கிடைத்ததா என்பதைத்தான் விசாரித்திருக்க வேண்டும்.

"இப்போது யாருக்கு முற்றியிருக்கிறது?" என்று கேட்டார்.

டிரெசர் என் அண்ணன் பெயரைச் சொன்னார். அப்போதுகூட, தன் தொழில் திறமையைக் காட்டுகிற ஆவலில்தான் சொன்னார். "காமாலையும் சேர்ந்திருக்கிறது, சார்."

"அது எதனால் வரும்?"

"கெட்ட தண்ணீர், சார். காட்டு ஓடைத் தண்ணீரில்கூட வரும்."

மறுநாள் போலீஸ் துரை லயத்துக்கு வந்தார். அண்ணன் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். ராத்திரியில் எங்கே போனாய் என்பதைத் தமிழில் கேட்டேன்.

"டேய் தம்பி, கக்கூசுக்குப் போறதுக்கே ரெண்டு பேரு தூக்கிட்டுப் போறாங்க. காட்டுக்குப் போகணும்னா எத்தன பேரு வேணும்னு தொரெயக் கேளு."

அவருடைய உடல்நிலையில் அது சாத்தியமில்லை என்று மொழிபெயர்த்தேன். இப்போது சாத்தியமில்லை, முன்பு சாத்தியம் என்றார் போலீஸ் துரை. அப்படி முடிவானால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். முதலில் தாப்பாவில் அடைப்பு, பிறகு கப்பல், இந்தியாவுக்கு நாடு கடத்தல். அண்ணன் பிறந்தது இதே மலையில். இந்தியாவை அவர் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். லயத்து வீடு வேலைக்காரனோடு சேர்ந்தது. அவர் போனால் அண்ணியும் கைக்குழந்தையும் காலி செய்ய வேண்டும்.

நான்தான் ரத்தப் பரிசோதனையைக் கேட்டேன். பெரிய ஊர்களில் மலேரியாவை நாக்கில் பார்ப்பதில்லை, ரத்தத்தில் பார்க்கிறார்கள் என்று படித்திருந்தேன். போலீஸ் துரை சம்மதித்தார். டிரெசர் அண்ணனின் விரல் நுனியைக் குத்தி, சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மலைமேல் இருந்த தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மலேரியாக் கிருமி எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

அன்று ஒரு மாலை நேரம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

"பூச்சி இல்லாமப் போவுமா?" என்றார் டிரெசர். அவருடைய கௌரவம் கண்ணாடித் துண்டில் பூசப்பட்டிருந்தது. "குளிர் விட்ட நேரத்துல ரத்தம் எடுத்தா அப்படித்தான். பூச்சி ஈரலுக்குள்ளார போயி ஒளிஞ்சிக்கும்."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவரே இங்கிலீஷிலும் சொன்னார். ஒளிந்துகொள்ளும் என்ற சொல் போலீஸ் துரைக்கு மிகவும் பிடித்துவிட்டது. தேடினால் கிடைக்காது, கிடைக்காததே அது அங்கே இருப்பதற்கு அடையாளம். அவர் அறிந்த எதிரியும் அப்படித்தான். ரத்தத்தில் கிருமி இருந்திருந்தால் அண்ணன் சந்தேக நபர். இல்லாததால் தந்திரமான சந்தேக நபர்.

செய்தி லயங்களுக்குப் பரவியது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. பெரட்டுக்களத்தில் ஜன்னலுக்கு முன் வரிசை கலைந்துபோனது. புல் வெட்டிய ஆட்களில் சிலர் நெற்றியில் ஈரத்துணியை வைத்து எடுத்துவிட்டு, கண் சிவப்புக்கு அடுப்புப் புகையைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கடைசி லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் தானாக இறங்கியபோது காது கேட்பதும் அதோடு போயிருந்தது. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் தோட்டத்தின் ஆரோக்கியம் திடீரென்று உயர்ந்தது. அதற்காக டிரெசரைப் பாராட்டித் துரை கைகுலுக்கினார்.

அண்ணனைத் தாப்பாவுக்குக் கொண்டுபோக லாரி வந்தது. ஏற்றுவதற்கு முன் உடம்பைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர், நல்ல மனுஷர், "மாஃப், அபாங்," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இரண்டு சுவெட்டரையும் தூக்கினார். இடுப்பில் கருப்பு அரைஞாண் கயிறு. அதில் ஒரு தாயத்து.

"அது என்ன?" என்றார் போலீஸ் துரை.

"தாயத்து, சார். காப்புக்காகக் கட்டுவது."

"உள்ளே?"

உள்ளே செப்புத் தகடு இருக்கும் என்றேன். தகட்டில் எழுத்து இருக்குமா என்றார். இருக்கும் என்றேன். அவர் கையை நீட்டினார், போலீஸ்காரர் கத்தியை எடுத்தார்.

"ஐயோ, அத அறுக்காதீங்க! மாரியம்மன் கோயில்ல வச்சிக் கட்டுனது!" என்று அண்ணி பாய்ந்தார். "சீக்கக் கண்டுபிடிக்கத் துப்பில்ல, சாமியக் கண்டுபிடிக்க வந்துட்டானுங்க!"

கயிறு அறுந்தது. தகட்டைப் பிரித்தார்கள். கட்டங்களும், கட்டங்களுக்குள் எண்களும் இருந்தன. எண்கள் என்று நான் சொன்னதும் போலீஸ் துரை அதை ஒரு கவரில் போட்டு ஒட்டி, கோலாலம்பூருக்கு என்று மேலே எழுதினார்.

அப்போதுதான் அந்தப் போலீஸ்காரர் மெதுவாக, "துவான், இங்கே பாருங்கள்," என்றார். கயிறு இருந்த இடத்தில், இடுப்பு மடிப்பில், சின்ன நாணயம் அளவுக்கு ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். பார்ப்பதற்கு நெருப்புக்கங்கு வைத்து அணைத்தது போல இருந்தது. வலிக்காது, அரிக்காது, அண்ணனுக்கே அது இருப்பது தெரியாது. கயிற்றுக்கடியில் இருந்ததால் அண்ணியும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து நாக்கைப் பார்த்தவருக்குத் தெரிய வழியே இல்லை.

"துப்பாக்கிக் குண்டு உரசிய காயம்," என்றார் போலீஸ் துரை. அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

டிரெசரைக் கூப்பிட்டார்கள். தன் நோயாளியின் இடுப்பை முதன்முதலாகப் பார்த்து, சற்று யோசித்து, "மலேரியாவுல சில பேருக்கு இப்படியும் வரும்," என்றார்.

குண்டுக் காயம் என்பதற்கு டாக்டர் சான்று வேண்டும். டிரெசர் எழுதினால் செல்லாது. ஆகவே தாப்பாவுக்குக் கீழே இறங்க இருந்த லாரி, தானா ராத்தாவுக்கு மேலே ஏறியது. என் அண்ணன் உயிரோடிருக்கக் காரணம் அந்தத் திருப்பம். குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஆசைப்பட்டவரால் கிடைத்த திருப்பம்.

தானா ராத்தாவில் எங்களைப் பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். அவர் நாக்கைக் கேட்கவில்லை.

"மேலுடுப்பைக் கழட்டும். எல்லாத்தையும்." அண்ணனை வெளிச்சத்தில் நிறுத்தி, அக்குள், கழுத்து, தொடை இடுக்கு எல்லாம் விரலால் அழுத்திப் பார்த்தார். பொருக்குக்கு அருகே தொடை இடுக்கில் நெறிகட்டியிருந்தது. மார்பில் மங்கலாகச் செந்தடிப்பு. "இது மலேரியா எண்டு ஆர் சொன்னது?"

எல்லாரும் லாரியைப் பார்த்தோம். டிரெசர் அதில் வரவில்லை.

"லாலான் புல்லுக்கை படுத்தனீரோ?"

"வெட்டுன புல்லு மேல மத்தியானம் கொஞ்சம் சாஞ்சேங்கய்யா."

"அதுதான்." டாக்டர் போலீஸ் துரையின் பக்கம் திரும்பாமலே எனக்குச் சொன்னார்: "உந்தத் துரைக்குச் சொல்லும், இது உண்ணிக் காய்ச்சல். புல்லுக்கை இருக்கிற சின்ன உண்ணி, கண்ணுக்குத் தெரியாது. உடுப்பு இறுகிற இடமாப் பார்த்துக் கடிக்கும். அதுக்குத் துவக்குத் தேவையில்லை." யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர்.

உறுதிப்படுத்த ஒரு பரிசோதனையும் இருந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, வேறெங்கோ வளர்த்த ஒரு கிருமியோடு கண்ணாடிக் குழாயில் கலப்பார்கள். பால் திரிவதைப் போல அது திரிந்தால் இந்தக் காய்ச்சல். வேடிக்கை என்னவென்றால், குழாயில் இருக்கும் கிருமிக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். ஏதோ ஒரு சாயல் ஒற்றுமை, ரத்தம் ஏமாந்து அதையும் எதிர்க்கிறது. குற்றவாளி கிடைக்காதபோது அவனுடைய ஜாடையில் இருக்கும் எவனையாவது பிடித்து நிறுத்துவது போல. இந்த விளக்கத்தைப் போலீஸ் துரை எந்தச் சிரமமும் இல்லாமல் புரிந்துகொண்டார்.

பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த புது மருந்தை டாக்டர் கொடுத்தார். அடுத்தடுத்த நாளில் காய்ச்சல் இறங்கியது. பிறகு குழாயும் திரிந்தது. ஆனால் கட்டில் காலோடு அண்ணனைப் பிணைத்திருந்த விலங்கு கழலவில்லை. போலீஸ் துரை நோயை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார், சந்தேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. லாலான் புல்லும் வேலிக்கு வெளியேதான் இருக்கிறது என்றார். அரசாங்க வேலையாகப் புல் வெட்டியபோது கடித்தது என்றேன். அப்படியானால் கூட வெட்டிய மற்றவர்களுக்கு ஏன் காய்ச்சல் வரவில்லை என்று கேட்டார். தோட்டத்தின் ஆரோக்கிய அறிக்கையை எடுத்து எனக்குக் காட்டினார். ஒருவருக்கும் இல்லை. ஈரத்துணிகளைப் பற்றி எனக்குத் தெரியும். சொன்னால் அண்ணன் தப்பலாம், அல்லது லயம் முழுவதும் லாரியில் ஏறலாம். எது நடக்கும் என்று அந்த மனிதரிடம் நிச்சயமாகச் சொல்ல முடியாது. சொல்லவில்லை.

நாடு கடத்தப் பரிந்துரைக்கும் அறிக்கையைத் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து அவர் தட்டச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அடித்தது நான். சொந்த அண்ணன் என்பது அவருக்குத் தெரியும். தோட்டத்தில் வேறு யாருக்கும் அந்த இயந்திரம் தெரியாது. மத்தியானம். அவர் ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அடுத்த வாக்கியத்திலும் நிறுத்தினார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தோளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தபோது கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பை நான் எங்கள் வீட்டில் பார்த்திருந்தேன்.

டிரெசரை அழைத்து வந்தார்கள். பழக்கதோஷம்; வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியேயே நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்தார். தெர்மாமீட்டரை வைத்தார். இமையை இழுத்துப் பார்த்தார். மகிழ்ச்சியோடு வாயைத் திறந்தார்.

"மலேரியா, சார்."

சொல்லி முடித்த பிறகு அவர் முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் ஞாபகம் வந்தது: கொசு, ராத்திரி, வேலி, உயரம். அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு திறந்தது.

"மாதிரி," என்றார் அவசரமாக. "மலேரியா மாதிரி, சார். துரைமார்களுக்கு வருவது வேறு."

நான் இயந்திரத்தின் மேல் விரல்களை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அடிக்க வேண்டியது என் வேலை. போலீஸ் துரை என்னைப் பார்த்தார், டிரெசரைப் பார்த்தார். பிறகு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பில் கட்டியிருந்த அகலமான தோல் பெல்ட்டைக் கழற்றினார். சட்டையைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். அதற்குமேல் அன்று அறிக்கைக்கு வாக்கியம் எதுவும் வரவில்லை. தானா ராத்தாவுக்குக் கார் கொண்டுவரச் சொன்னார்.

அவர் படுத்த அறை வேறு, வெள்ளைக்காரர்களுக்கு உள்ளது. மருந்து மட்டும் ஒன்றே. இரண்டாம் நாள் அண்ணனின் கட்டில் விலங்கைக் கழற்ற ஆள் வந்தது. மன்னிப்பு எதுவும் வரவில்லை. போதுமான அறிகுறிகள் இல்லாததால் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஒரு வரி வந்தது. நான் பிற்பாடு பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் பல மறுப்புச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். இவ்வளவு கச்சிதமானது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அண்ணன் திரும்பியபோது தோட்டம் முன்னேறியிருந்தது. டாக்டர் டிரெசருக்குக் கடுமையாக ஏதோ எழுதியிருந்தார் போல. இப்போது ஜன்னலுக்கு முன்னால் நின்றதும், "நாக்க நீட்டு," என்பதற்குப் பதில், "இடுப்பக் காட்டு," என்றார். பல்வலிக்கு வந்தவனும் காட்டினான். மச்சம், தழும்பு, பீடி சுட்டது எல்லாம் உண்ணிக் காய்ச்சல். எங்களுக்குப் பழகிப்போன மலேரியா ஒரே வாரத்தில் தோட்டத்திலிருந்து ஒழிந்துவிட்டது. பெண்கள் அந்த ஜன்னல் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

தாயத்துத் தகடு திரும்பி வரவில்லை. அண்ணி ஒவ்வொரு வாரமும் போலீஸ் வாசலில் நின்று கேட்டார். கோலாலம்பூரில் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் சொன்னார்கள்.

புல் வெட்டுவது நிற்கவில்லை. மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கு மட்டும் உண்ணி அண்டாத எண்ணெயும், காற்சட்டை நுனியைச் சொருகிக்கொள்ள நீண்ட பூட்சும் வந்தன. வெட்டுகிறவர்கள் பழையபடி வெறுங்கால். அண்ணன் வேலைக்குத் திரும்பிய முதல் காலை, பெரட்டில் துரை ஆட்களைப் பிரித்தார். டிரெசர் முன்னால் வந்து ஒரு யோசனை சொன்னார். இந்தக் காய்ச்சல் ஒருமுறை வந்தவனுக்கு மறுமுறை வராது. ஆகவே புல் வெட்ட இவனைவிடத் தகுந்த ஆள் தோட்டத்தில் இல்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டிரெசரின் சொந்தக் கண்டுபிடிப்பு. துரைக்கு அது நியாயமாகப் பட்டது. அண்ணன் லாரியைப் பார்த்தார். கோல் ஊன்றித்தான் பெரட்டுக்கு வந்திருந்தார்.

கொழுந்துக்காரர்கள் வரிசையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"நல்ல ரோசனதான் டிரெசரய்யா! அந்தப் போலீஸ் தொரைக்கும் ஒருவாட்டி வந்துருச்சில்ல? அவரையும் கூப்புடுங்க, ரெண்டு பேருமாச் சேந்து வெட்டட்டும்! கத்தி நான் தீட்டித் தர்றேன்!"

பெரட்டுக்களம் முழுவதும் சிரித்தது. காது போனவர்கூட, பக்கத்தில் இருந்தவர் சைகையால் சொன்ன பிறகு, தனியாக, மற்றவர்கள் ஓய்ந்த பின் சிரித்தார். துரை என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?"

எது சொல்லத்தக்கது என்பது என்னிடமே விடப்பட்ட வேலை. "மூட்டு வீக்கம் இருக்கிறது, சார்," என்றேன். "இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு வருமாம். புல் வெட்டக் குனிந்தால் கால் நிரந்தரமாக மடங்கிவிடும் என்று சொல்கிறாள்."

துரை டிரெசரைப் பார்த்தார். டிரெசர் சற்று யோசித்து, தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால், "ஆமாம் சார், அப்படியும் வரும்," என்றார்.

அண்ணனை ஃபேக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்தில் போட்டார்கள். வேலிக்குள்தான் இருந்தது அது.